கருவேலனுக்குக் கட்டை போட்டவன்

ஜூன் 8, ஞாயிறு

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். சிரித்தாலும் மன்னித்து மேலே படிக்க வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனாலும் வரி கோட்டை விட்டு இறங்கிவிடுகிறது. ஓர் எழுத்து பூசணி, அடுத்த எழுத்து கடுகு. அழுத்தியதில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. நத்தம் மாந்தோப்புகளில் கவண் சுழற்றிக் கிளி விரட்டிய கை இது. அறுபத்தொன்பது வயதில் இப்போதுதான் பேனாவைப் பிடித்திருக்கிறது.

என் பெயர் வெள்ளைக்கண்ணு. இதை நானே எழுதினேன். எழுதி முடித்து ஐந்தாறு தடவை வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது நானாகவே இருந்தது.

இந்த மறுவாழ்வு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையாக இருப்பவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வகுப்பு நடக்கிறது. புஷ்பலீலா டீச்சர் எடுக்கிறார். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் போய் உட்கார்ந்தேன். இப்போது பேருந்துப் பலகை, சுவர் எழுத்து, பிஸ்கட் உறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். வாசிக்காமல் இருக்க முடியவில்லை. "வாரம் ஒருக்காவாவது நடந்தத எழுதுங்க, கை ஓடும்" என்றார் டீச்சர். அதனால் எழுதுகிறேன்.

என் மகன் அழகுராசா. முப்பத்தொரு வயது. பங்குனிக் கடைசியில் மாங்காய் பறிக்க ஏறியவன் கிளை முறிந்து விழுந்தான். கழுத்தில் அடி. தோள் கொஞ்சம் அசைகிறது. அதற்குக் கீழே எதுவும் அவன் சொல்வதைக் கேட்பதில்லை. கழுத்தில் பட்டை போட்டிருப்பதால் தலையையும் திருப்ப முடியாது. பாதங்களைத் தலையணைமேல் தூக்கி வைக்கச் சொல்வான். நாள் முழுக்க மல்லாந்து படுத்துத் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பான், அசைகிறதா என்று.

நேற்று டாக்டரம்மா என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வெகுநேரம் பேசினார். கழுத்தின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நான் ஒன்றுதான் கேட்டேன். "அவன்ட்ட நானே சொல்லிக்கிறேம்மா. கொஞ்ச நாள் குடுங்க."

"ரொம்ப நாள் தள்ளாதீங்க ஐயா" என்றார்.

உள்ளே வந்ததும் அழகுராசா கேட்டான். "என்னப்பா சொன்னாங்க?"

"நேரமாகுமாம். ஆனா நீ எந்திரிச்சு நடந்துருவேன்னு சொன்னாங்க."

அவன் சிரித்தான். மறுபடி விரலைப் பார்க்கத் தொடங்கினான்.

கை வலிக்கிறது. ஆனால் ஒரு பக்கம் முழுவதும் எழுதிவிட்டேன்!

ஜூன் 10, செவ்வாய்

மாயக்கா. என் சம்சாரத்தின் பெயர். இத்தனை வருடம் வாயால் கூப்பிட்டது கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. அழகாகத்தான் இருக்கிறது. போனில் அவளிடம் சொன்னேன். "ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஆளில்ல, இவரு எம்பேர எழுதுறாராம்" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஒரு புது விளையாட்டு.

பக்கத்துக் கட்டில் ஜெரால்டு நாகர்கோவில்காரன். கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். பைக் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கைகள் நன்றாக இருப்பதால் சக்கர நாற்காலியில் வார்டு முழுக்கப் பறப்பான். இன்று மடியில் ஒரு துணிப்பையோடு வந்து எங்கள் கட்டிலோரம் நின்றான். பைக்குள் நிறையக் கட்டைகள். நாலு முகம், எட்டு முகம், இலந்தைப்பழம்போல இருபது முகமும் ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணுமாக ஒரு கட்டை.

"தாயமாப்பா?" என்றேன்.

"தாயம் இல்ல பாட்டா, கதை. நான் கதைய நடத்துவேன். நீங்க எல்லாம் கதைக்குள்ள ஆளுங்க. வீரன், மந்திரவாதி, அப்படி. என்ன செய்யணும்னு வாயால சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு இந்தக் கட்ட சொல்லும். பெரிய எண் விழுந்தா ஜெயம்."

எதிர்க் கட்டில் மஸ்தான் பாய், ஆம்பூர் லாரி டிரைவர், அங்கிருந்தே சத்தம் போட்டார். "சின்னப் பசங்க ஆட்டம்பா அது!"

"உமக்கு வேற சோலி இருக்கா பாய்?"

பாய் யோசித்தார். "இல்ல."

"அப்போ வாரும்."

பாய்க்கு மீசை இரண்டு கன்னத்தையும் தாண்டும். அவர் எடுத்துக்கொண்ட ஆள் மந்திரக்காரி, பெயர் நிலோபர். ஏன் பாய் பெண் வேஷம் என்றதற்கு, "முப்பது வருசமா லாரில ஆம்பளயாதான் குந்திங்கினு இருந்தேன். இன்னாத்த கண்டேன்?" என்றார். வார்டே சிரித்தது.

அடுத்து அழகுராசாவின் முறை. கால்விரலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "கருவேலன். கோடாலி வச்சிருப்பான். எம்புட்டு உசரம்னாலும் ஏறுவான்."

ஜெரால்டு குரலை மாற்றிக்கொண்டு கதையைத் தொடங்கிவிட்டான். ஒரு மலைக்கோட்டை. அதன் நடுவே பாழுங்கிணறு. கிணற்றுக்குள் ஒரு பூதம். மூன்று நாள் நடைக்கு அப்பால் ஊரார் காத்திருக்கிறார்கள். கருவேலன் மூன்று நாள் நடக்கிறானே, சோறு தின்றானா என்று கேட்டேன். ஜெரால்டு குலுங்கிச் சிரித்து, "கட்டுச்சோறு இருக்கு பாட்டா" என்றான்.

அழகுராசாவுக்குக் கை அசையாததால் கட்டை போடுவது நான். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். போடுகிறவன்தான் வாசிக்க வேண்டும், அது இவர்கள் வழக்கம். கருவேலன் முதல் பாறையில் ஏறினான். போட்டேன். எண் பொடி எழுத்தில் இருந்தது. கண்ணாடியை ஏற்றி, தட்டை சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

"நாலு."

"பாறை வழுக்குது" என்றான் ஜெரால்டு. "கருவேலன் கீழ விழுதான்."

அழகுராசா கண்ணை மூடிக்கொண்டான். இரவு சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டான்.

ஜூன் 18, புதன்

ஞாயிறும் புதனும் ஆட்டம் என்று முடிவாகியிருக்கிறது. கருவேலன் அதே பாறையில் மறுபடி ஏறினான். தட்டு என் மடியில். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களை என் முழங்கை மறைத்தது. கட்டை உருண்டது.

பதினெட்டு என்றேன்.

"ஏறிட்டாம்லே!" என்று ஜெரால்டு கத்தினான். பாய் தொடையில் தட்டினார், தொடைக்கு அது தெரியாவிட்டாலும். அழகுராசா மேலே நின்று காற்று வாங்குகிறவன் மாதிரி மூச்சை இழுத்துவிட்டான். "மேல இருந்து என்ன தெரியுது?" என்று கேட்டான்.

இரவு மூன்று இட்லி சாப்பிட்டான். நல்ல விளையாட்டு இது.

ஜூன் 20, வெள்ளி

அழகுராசாவின் இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பு முடியும் இடத்தில், சிவந்திருந்தது. அது இப்போது புண்ணாகிவிட்டது. மல்லாந்தே கிடப்பதால் வருவது. ஸ்டெல்லா சிஸ்டர் வந்து பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்றார்.

"வேணாம் சிஸ்டர். திருப்பிப் போட்டா காலு தெரியாது. விரல் அசைஞ்சா யாரு பாக்குறது?"

"அப்போ நாற்காலியிலயாவது உக்காரணும் தம்பி. தாடையால ஓட்டுற நாற்காலி இருக்கு, பழகிக்கலாம்."

"நடக்கப் போறவனுக்கு எதுக்கு சிஸ்டர் நாற்காலி?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பிடிக்க வெளியே போனேன். குழாயடிச் சுவரில் 'தண்ணீரை வீணாக்காதீர்' என்று எழுதியிருந்தது. முழுவதும் தடுக்காமல் வாசித்தேன். யாராவது பக்கத்தில் இருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று கூட்டம். மற்ற வார்டிலிருந்தும் நாற்காலிகளில் வந்துவிட்டார்கள். கருவேலன் ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்தான். அம்பு மழைக்குள் நிலோபரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கோட்டைக் கதவைத் தோளால் இடித்தே திறந்தான். பத்தொன்பது, பதினேழு, இருபது. இருபது என்றதும் விசில் பறந்தது.

"இன்னாபா இது, இந்த ஆளுக்கு மட்டும் எப்டி விழுது?" என்றார் பாய். அவருக்குப் பெரும்பாலும் எட்டும் ஒன்பதும்தான்.

"எங்கப்பா கைராசி" என்றான் அழகுராசா.

"கருவேலனுக்கு இந்தக் காவல்காரனுங்க எல்லாம் பத்தாது மக்கா. கிணத்துல இருக்க பூதத்த இன்னும் பெருசா வளக்கணும்" என்றான் ஜெரால்டு.

அழகுராசா இப்போது பேசுகிறான், சாப்பிடுகிறான், அடுத்த புதன் எப்போது என்கிறான். வேறு என்ன வேண்டும் எனக்கு? விளக்கு அணைத்தபின் அவன் சொன்னான். "இன்னைக்கு விரல் லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சுப்பா."

"நானும் பாத்தேன்" என்றேன்.

ஜூன் 25, புதன்

இன்றும் நல்ல எண்கள். புண்ணில் வாடை வருகிறது. ஊதுபத்தி வாங்கி வந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. உட்கார்ந்து வெகுநேரமாயிற்று.

கிணற்றுக்குள் இறங்கினார்கள். கருவேலன் முன்னால், நிலோபர் பின்னால். பூதம் எழுந்தது. ஜெரால்டு சொன்னதைக் கேட்டு நானே கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்தேன். கருவேலன் ஓங்கினான், நான் போட்டேன், பத்தொன்பது என்றேன். பூதத்துக்குக் கீறல்தான். அது திரும்பி அடித்தது நிலோபரை. ஒரே அடி.

"என்னா மக்கா, ஒரே அடியா?" என்று யாரோ கேட்டார்கள்.

ஜெரால்டின் முகம் வாடிவிட்டது. "கருவேலன் தப்பாம அடிக்கான்லா? அவனுக்கு ஈடுகுடுக்க பூதத்துக்கு பலத்த ஏத்திட்டே வந்தேன். மத்தவங்களுக்கு அது தாங்காதுன்னு யோசிக்கல. என் தப்புதான்."

நிலோபர் செத்துப்போனாள். பாய் முதலில் சிரித்தார். "போனாப் போவுது, வெளயாட்டு தான?" நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தன் கட்டிலுக்குப் போனார். பிறகு அவர் அழுவது கேட்டது. அவ்வளவு பெரிய மனிதர். அந்தப் பெண் தன் காலால் கோட்டைக்கு நடந்தாள், கூரைக்குக் கூரை தாவினாள். வாரத்தில் இரண்டு நாள் அவர் அவளாக இருந்தார்.

விழுந்தது பத்தொன்பது இல்லை. மூன்று. பதினெட்டு என்று சொன்ன அன்று விழுந்தது ஆறு. இருபது என்று சொன்னபோது விழுந்தது ஒன்று. அது இருக்கிற எண்ணிலேயே கடைசி.

நல்லதுக்குத்தான் செய்தேன். என் மகன் விழக்கூடாது என்றுதான். விழாதவனுக்காகப் பூதம் வளர்ந்துகொண்டே போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஜூலை 1, செவ்வாய்

புண் எலும்பைத் தொட்டுவிட்டது. காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டரம்மா கட்டிலுக்கே வந்தார். தொடைச் சதையை எடுத்துப் புண்ணை மூட ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும் என்றார்.

"குப்புறப் படுக்க மாட்டேம்மா" என்றான் அழகுராசா. "காலப் பாக்கணும். விரல் அசைய ஆரம்பிச்சுருச்சு. அப்பாவும் பாத்தாரு. கேளுங்க."

டாக்டரம்மா என்னைக் கேட்கவில்லை. தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒரு நாள். நீங்க சொல்லலைன்னா நாளை மறுநாள் காலையில நான் சொல்லுவேன். உங்க பிள்ளைய இப்ப கொல்லுறது கழுத்து இல்ல ஐயா. அந்த நம்பிக்கை."

பெரிய படிப்பு படித்தவர், கண் கலங்கியிருந்தது. எனக்குக் கலங்கவில்லை. கல் மாதிரி நின்றேன்.

ஜூலை 2, புதன்

ஆட்டம் இல்லை. பாய் வரமாட்டேன் என்றுவிட்டார். பட்டப்பகல், வார்டில் எல்லாரும் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். அழகுராசாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா."

"சொல்லு ராசா."

"நெசமா விழுந்தத வாசிக்க ஒனக்கு நேரமாகும். கண்ணாடிய ஏத்துவ, தட்டத் திருப்புவ, அப்புறந்தான் சொல்லுவ. பொய்யின்னா கட்ட உருண்டு நிக்கிறதுக்கு முந்தியே சொல்லிர்ற."

கரண்டி கையில் நின்றுவிட்டது. "எப்பத் தெரிஞ்சுச்சு?"

"பாறையில ஏறுனப்பவே."

"சொல்லலையேடா."

"நல்லாருந்துச்சுப்பா. மேல நின்னு பாக்க நல்லாருந்துச்சு." கண்ணை மூடித் திறந்தான். "பாய் அழுதது கேட்டுச்சு. அப்புறம் நல்லால்ல."

கஞ்சி ஆறி ஏடு கட்டியது.

"டாக்டரம்மா சொன்னதையும் நீ அப்படித்தான் சொன்ன. உள்ள நுழையும்போதே, நான் கேட்டு முடிக்கலை, சொல்லிட்ட. நானும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். இப்பச் சொல்லு. என்ன விழுந்துச்சுப்பா?"

சொன்னேன். நடக்க முடியாது என்று சொன்னார்கள். கையும் வராது. தோளையும் தாடையையும் வைத்து வாழப் பழக வேண்டும். புண் ஆறாவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லச் சொல்ல என் வாய் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"விரல் அசைஞ்சத நீ பாத்தேன்னியே?"

"இல்ல ராசா."

அவன் அழவில்லை. "கஞ்சி போதும்" என்றான்.

ஜூலை 3, வியாழன்

பேசவில்லை. சாப்பிடவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். டாக்டரம்மா வந்து எல்லாவற்றையும் மறுபடி அவனிடமே சொன்னார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 4, வெள்ளி

ஒரே ஒரு வார்த்தை பேசினான். "ஊருக்குப் போயிருவோம்ப்பா."

அங்கே போனால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாயக்காவிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் ஆடு கத்துவது மட்டும் கேட்டது.

பொய் சொன்னேன், புண் வந்தது. உண்மையைச் சொன்னேன், சோறு நின்றது. இரண்டில் எது சரி என்று யாரைக் கேட்பேன்? எழுதிப் பார்த்தால் விளங்கும் என்று நினைத்தேன். விளங்கவில்லை. எழுத்து மட்டும் நேராக வந்திருக்கிறது, வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 5, சனி

திங்கள்கிழமை காலைக்கு வண்டி சொல்லியாகிவிட்டது. துணிகளைத் துவைத்துக் காயப்போட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

போவதற்கு முன் ஒரு காரியம் பாக்கி இருந்தது. காலையில் மஸ்தான் பாய் கட்டிலுக்குப் போனேன். நான் பொய் எண் சொன்னதால்தான் பூதம் வளர்ந்தது, அதனால்தான் உங்கள் பெண் செத்தாள் என்று சொல்லிவிட்டு நின்றேன்.

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யோவ் பெர்சு! வெள்ளவேட்டி கட்டிக்கினு எம்மாம் பெரிய களவாணி நீ!" வார்டு முழுக்கக் கேட்டது. "கைராசியாம் கைராசி! எங்க வீட்டம்மா கைல கூட ஏமாறாதவன்யா நான்!" இன்னும் நிறையத் திட்டினார். எல்லாவற்றையும் எழுத முடியாது. திட்டி முடித்து, "தள்ளுய்யா" என்று நாற்காலியை அழகுராசாவின் கட்டிலுக்கு உருட்டிக்கொண்டு போனார். ஜெரால்டும் பின்னாலேயே வந்தான்.

"ஊருக்குப் போறியாமே?" என்றார் பாய்.

அழகுராசா கூரையையே பார்த்தான்.

"போ. யாரு வாணான்னது? ஆனா எம்பொண்ணு செத்த கெணத்துல அந்தப் பூதம் இன்னும் கீது. உன்ன நம்பித்தான அவ எறங்குனா? அத்த ஒரு கை பாத்துட்டுப் போ. பாக்காத போனா நீ கருவேலனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

அழகுராசாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு நாளைக்குப் பிறகு அது அசைந்தது. "யாரு கட்ட போடுறது?"

"அந்தக் களவாணிதான். வேற யாருக்கு இங்க நிக்கிற காலும் குனியிற முதுகும் கீது?"

"அப்பா வாசிக்கக் கூடாது."

"நான் வாசிக்கேன் மக்கா" என்றான் ஜெரால்டு.

"நீயும் வேணாம். நீ எம்மேல பாவப்படுவ." தொண்டையைச் செருமினான். "நானே பாக்கணும்."

"மல்லாக்கக் கெடந்துக்கிட்டு எப்படிப் பாப்ப? தலையத் திருப்பவும் முடியாது" என்றேன்.

அவன் கண் கால்விரலில் இருந்தது. எவ்வளவு நேரமோ அப்படியே இருந்தது.

"குப்புறப் போடுங்க" என்றான்.

நான் ஓடினேன். அறுபத்தொன்பது வயதில் தாழ்வாரத்தில் ஓடினேன். ஸ்டெல்லா சிஸ்டர் இரண்டு ஆட்களையும், குப்புறப் படுக்கும் தள்ளுவண்டியையும் கொண்டுவந்தார். நாலு பேராக, கழுத்து அசையாமல், ஒரு பலகையைப் புரட்டுவதுபோல அவனைப் புரட்டினோம். முகம் வைக்க அந்த வண்டியில் ஓர் ஓட்டை உண்டு. அதன் வழியே தரைதான் தெரியும். தட்டைத் தரையில் அவன் முகத்துக்கு நேர் கீழே வைத்தேன். நானும் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். கட்டையைத் தட்டில் வைத்தேன்.

"இம்புட்டுச் சின்னதா?" என்றான்.

ஜெரால்டு கதையைத் தொடங்கினான், ஒரு வாரமாக மறந்துபோன குரலை எடுத்துக்கொண்டு. கிணறு, இருட்டு, தண்ணீர் சொட்டுகிற சத்தம். பூதத்தை இந்த முறை குறைக்கட்டுமா என்று கேட்டான். "கெடக்கட்டும்" என்றான் அழகுராசா. "இருக்கிறபடி வை."

போட்டேன். மேலிருந்து அவன் குரல் வந்தது. "ஏழு."

கோடாலி காற்றை வெட்டியது. பூதம் அடித்தது. மறுபடி போட்டேன். "பதினாலு." ஒரு வெட்டு விழுந்தது, பாய் கத்தினார். மறுபடி. "அஞ்சு." ஒவ்வொரு எண்ணையும் அவன்தான் சொன்னான், நிதானமாக. நான் கட்டையைப் பார்க்கவே இல்லை. பூதத்தின் கை கருவேலனைச் சுவரில் அறைந்தது.

"கருவேலன் விழுந்துட்டான்" என்றான் ஜெரால்டு மெதுவாக.

"செத்துட்டானா?" என்றேன் நான்.

"ஒடனே சாக மாட்டான் பாட்டா. விழுந்தவனுக்குன்னு தனியா ஒரு விதி உண்டு. இனி அவனால அடிக்க முடியாது, அசைய முடியாது. மொறைக்கு ஒரு கட்ட போடணும். பத்தோ அதுக்கு மேலயோ மூணு தடவ விழுந்தா பொழச்சுக்குவான். பத்துக்குக் கீழ மூணு தடவ விழுந்தா போய்ட்டான்."

போட்டேன். கட்டை தட்டைவிட்டு வெளியே ஓடியது. அது கணக்கில்லை, மறுபடி போடு என்றார்கள்.

"பதினொண்ணு" என்றான் அழகுராசா.

அடுத்தது, "நாலு."

அடுத்தது கொஞ்சம் உருண்டு, தட்டின் விளிம்பில் சாய்ந்து நின்றது. எல்லா நாற்காலிகளும் குனிந்தன. "பதினஞ்சு."

அடுத்தது, "ரெண்டு."

இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். கடைசியாக ஒன்றுதான் இருந்தது. "போடு பெர்சு, போடு!" என்றார் பாய். கட்டையை எடுத்தேன்.

"வேணாம்ப்பா."

"என்ன ராசா?"

"இத இப்பப் போட வேணாம். அடுத்த ஞாயித்துக்கிழம போடலாம்."

"அதுவரைக்கும் கருவேலன் கெடந்துட்டுத்தான் இருப்பான் மக்கா" என்றான் ஜெரால்டு. "சாகவும் மாட்டான், எந்திரிக்கவும் மாட்டான்."

"கெடக்கட்டும்" என்றான் அழகுராசா, தரையைப் பார்த்து. "கெடந்து பழகட்டும்."

பிறகு என்னிடம் தண்ணீர் கேட்டான். உறிஞ்சு குழாயை ஓட்டை வழியாக நீட்டினேன், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு. ஒரு தம்ளர் முழுவதும் குடித்தான். என் முகத்துக்கு நேர் மேலே அவன் முகம் இருந்தது. கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. அவன் விட்டதுதான், நான் விட்டது காதுப்பக்கம் போனது.

"வண்டிய வேணாம்னு சொல்லிருப்பா. டாக்டரம்மாவ வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் டாக்டரம்மா வந்தார். இந்த முறை என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிடவில்லை. தரையில் மண்டியிட்டு, வண்டிக்குக் கீழே தலையைக் குனிந்து, அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார். வியாழக்கிழமை ஆபரேஷன். தாமதமாகிவிட்டது, கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கிறது, மயக்க மருந்தை உடம்பு தாங்குமா என்பது நிச்சயமில்லை. பாதிக்குப் பாதிதான் சொல்ல முடியும் என்றார். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிம்மா, போடுங்க" என்றான்.

இப்போது தூங்குகிறான், குப்புறப் படுத்தபடியே. கால் பக்கத் தலையணை சும்மா கிடக்கிறது. எனக்குத் தூக்கம் வராது. பயமாக இருக்கிறது. இவ்வளவு பயம் அவன் மரத்திலிருந்து விழுந்த அன்றுகூட இல்லை. அன்று எனக்கு ஒன்றும் தெரியாது.

இன்று எழுதியதுதான் நான் எழுதியதிலேயே நீளம். நடுவில் நாலைந்து வரி மறுபடியும் கோட்டை விட்டு இறங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு இதே தாளுக்குப் பின்பக்கம் எழுதுவேன். கட்டையில் என்ன விழுகிறதோ அதை எழுதுவேன். கட்டை போடவே இல்லை என்றாலும் அதையும், வேகமாக அல்ல, கண்ணாடியை ஏற்றி, பார்த்து, இருக்கிறபடி எழுதுவேன்.